அப்பா ஏன் கூட்டத்துக்கு வாறதில்லை: ஒரு புறநகர் ரயில் நிலையத்தைப் பற்றி

(எமது இளையோர் சந்திப்பில் நிகழ்த்திய பேச்சு. பேச்சு வழக்கைப் பெரிதாகத் திருத்தாமல் தருகிறோம்.)



என்னை "வீடமைப்பும் இனவாதமும்" என்ற தலைப்பில் கதைக்கச் சொல்லித்தான் கேட்டவை. அதைப் பற்றி இந்த அறையில் இருக்கிற பாதிப் பேர் என்னை விட நல்லாகக் கதைப்பீர்கள். நான் இண்டைக்கு ரயில் நிலையத்தைப் பற்றிக் கதைக்கப் போறன். ஸ்ரேசனில இருக்கிற கதிரை, லிப்ற், ரொய்லெற், ரிக்கற் எடுக்கிற இடம், இதுகளைப் பற்றி. சிரிக்கிறதெண்டால் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

எங்கட அப்பா இலங்கையில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1980 யூலை வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் கிட்டத்தட்ட 40,000 பேரை ஒரே அடியில் வேலையால் நிற்பாட்டியது. அதில் அப்பாவும் ஒராள். அப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயது. ஐந்து வருசம் கழித்து டென்மார்க்குக்கு வந்தார். இஞ்சயும் அவர் சும்மா இருக்கேல்லை. யூலன்டில் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் தொழிற்சங்கம், பிறகு வாசிப்பு வட்டம், பிறகு எங்கட கூட்டங்கள். முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்டு ஆக்களைக் களைக்கப் பண்ணுற மனுசன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் அவர் கூட்டங்களுக்கு வாறதை விட்டிட்டார். எனக்கும் தம்பிக்கும் இதுக்கு ஒரு விளக்கம் இருந்தது. அரசியல் சோர்வு. 2009க்குப் பிறகு வந்த மனமுறிவு, மெல்ல மெல்ல ஆளை மூடிப்போட்டுது எண்டு நினைச்சம். நான் இதை ஒரு கட்டுரையாகவே எழுதத் தொடங்கினனான். நல்லவேளை முடிக்கேல்லை.

உண்மையான காரணம் மூத்திரம். அப்பாவுக்கு நீரிழிவு, பிறசர். பிறசருக்குக் குடுக்கிற குளிசை ஒண்டு உடம்பில இருக்கிற தண்ணியை வெளியில எடுக்கிறது. குளிசை போட்டால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா போகவேணும். ஒரு தை மாதம், பஸ்ஸால் இறங்கி ரயில் மாறுகிற ஒரு இடத்தில், ரொய்லெற் கதவு பூட்டியிருந்திருக்கு. பக்கத்துக் கடையில் கேட்டால் வேலையாட்களுக்கு மட்டும் எண்டு சொல்லியிருக்கினம். பிளாற்போமில் நிண்ட நிலையிலேயே போயிற்றுது. அவர் அடுத்த ரயிலுக்கு நிற்காமல், ஈரக் களிசானோட, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வீட்ட திரும்பி வந்தார். ஒரு வருசமாக ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்குக்கூட உடுப்புத் தோய்க்கேக்கதான் தெரிஞ்சது. அவ எனக்குச் சொன்னது இன்னும் பிந்தி.

இதைச் சொல்ல அப்பாட்ட அனுமதி கேட்டனான். "பேரைச் சொல்லாதை, மிச்சத்தைச் சொல்லு பிள்ளை" எண்டார்.

அதுக்குப் பிறகு நான் ஸ்ரேசன்களை வேற மாதிரிப் பார்க்கத் தொடங்கினன். நான் கொப்பன்ஹேகனில இருந்து கோகே வளைகுடாப் பக்கம் அடிக்கடி போறனான். அந்தப் பாதையில் இருக்கிற இஸ்ஹோய் நிலையத்தை எடுத்துக்கொள்ளுவம். உங்களில் கனபேர் அதால போய் வந்திருப்பீங்கள். எஸ்-ரயிலில் 'ஏ' வழியும் 'ஈ' வழியும் நிற்கும். வெளியில பஸ் நிலையம், பக்கத்தில் கடைத்தொகுதி, இஞ்சால பெரிய மாடிக் குடியிருப்புகள், அங்கால கடற்கரைப் பக்கம் 'ஆர்கன்' எண்ட நவீன ஓவிய அருங்காட்சியகம். 1996இல் திறந்தது. ஓவியம் பார்க்கப் போற ஆக்களும் ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கப் போற ஆக்களும் ஒரே படியால் இறங்கிற இடம்.

அந்த ஸ்ரேசன் தற்செயலாக அங்க வரேல்லை. 1947இல் கொப்பன்ஹேகனுக்கு ஒரு திட்டம் போட்டினம், 'விரல் திட்டம்' எண்டு பேர். பேத்தர் பிரெட்ஸ்டோர்ஃப், ஸ்டேன் ஐலர் ராஸ்முசன் எண்ட ரெண்டு பேர் அதில முக்கியமான ஆக்கள். நகரம் உள்ளங்கை. அதிலிருந்து அஞ்சு விரல் நீளுது. ஒவ்வொரு விரலுக்குள்ளும் எலும்பு மாதிரி ஒரு ரயில் பாதை. விரல்களுக்கு இடையில் வயலும் காடும். சனம் விரலுக்குள்ள, ஸ்ரேசனைச் சுற்றி இருக்கவேணும், கார் இல்லாமலும் வேலைக்குப் போய் வரவேணும் எண்டதுதான் யோசனை. இண்டைக்கும் அந்தச் சிந்தனை சட்டமாக இருக்கு. 1500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டிடம் எண்டால் பொதுவாக நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் கட்டவேணும். நான் இதை நக்கலாகச் சொல்லேல்லை. சமூக ஜனநாயகம் உச்சத்தில் இருந்த காலத்தில் உருவான நல்ல யோசனைகளில் இது ஒண்டு. கார்க் கம்பனிகளுக்கு நகரத்தை எழுதிக் குடுக்காமல் விட்ட நாடுகள் கனக்க இல்லை.

கோகே விரல் கடைசியாக வளர்ந்த விரல். 1972இல் ரயில் வல்லன்ஸ்பெக் வரைக்கும் வந்தது. 1976இல் இஸ்ஹோயைத் தாண்டி ஹுண்டிகே வரை. 1979இல் சோல்ரோட் கடற்கரை. கோகேயைத் தொட்டது 1983இல். அந்த ஆண்டு யூலையில் கொழும்பில் எங்கட சனத்தின்ர வீடுகளும் கடைகளும் எரிஞ்சது. அதே 1983இல்தான் டென்மார்க் ஐரோப்பாவிலேயே தாராளமான ஒரு வெளிநாட்டவர் சட்டத்தையும் கொண்டுவந்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத் தன் குடும்பத்தைக் கூப்பிடுகிற உரிமையை அந்தச் சட்டம் குடுத்தது.

பிறகு என்ன நடந்தது எண்டு உங்கட வீடுகளில் தெரியும். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் சொன்னார். சட்டத்தை மாற்றேல்லை. மாற்றினால் நாடாளுமன்றத்தில் கதைக்க வேண்டி வரும். கோப்புகளைக் கிடக்க விட்டார், அவ்வளவுதான். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. பிரதமர் போல் ஸ்லூட்டர் 1989இல் நாடாளுமன்றத்தில் எழும்பி, கம்பளத்துக்குக் கீழ எதையும் கூட்டித் தள்ளேல்லை எண்டார். 1993 தையில் விசாரணை அறிக்கை வந்தது, அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாதம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அம்மா அந்த நாட்களில் துப்புரவு வேலை செய்தவ. கம்பளத்துக்குக் கீழ என்ன இருக்கும் எண்டு தனக்குத் தெரியாதா எண்டு இப்பவும் சிரிப்பா.

ஸ்ரேசனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இதுக்குள்ள ஏன் போனன்? 'தமிழ் வழக்கு' எண்டு டேனிஷ் பாடப்புத்தகத்தில் இருக்கிற அந்தக் கதை முழுக்கக் காத்திருப்பைப் பற்றினது. ஆரைக் காத்திருக்க வைக்கலாம், எவ்வளவு நேரம், என்ன நிலையில். ஒரு அரசு உங்களை நேரடியாக "இல்லை" எண்டு சொல்லாமல், கதிரையும் இல்லாத ஒரு இடத்தில் நிற்க விட்டிட்டுப் போகலாம். ஸ்ரேசன் எண்டது சனம் காத்திருக்கிறதுக்கெண்டே கட்டின இடம். அங்க என்ன வசதி இருக்கு, என்ன வசதியைக் கழட்டிக்கொண்டு போயிருக்கினம் எண்டு பார்த்தால், அதைக் கட்டினவைக்கு எங்களில் ஆர் ஞாபகத்தில் இருந்தது எண்டு விளங்கும்.

எஸ்-ரயிலுக்குள்ள ரொய்லெற் இல்லை. புறநகர் ரயில், குறுகிய பயணம், தேவையில்லை எண்டு கணக்கு. சரி, அப்ப ஸ்ரேசனில் இருக்கவேணும். கன ஸ்ரேசன்களில் அதுவும் இல்லை. முந்தி ரிக்கற் கவுண்டர் இருந்த காலத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தது. ஆள் இருந்த இடத்தில் ரொய்லெற்றும், ஹீற்றர் போட்ட ஒரு அறையும் இருந்தது. ஆளை எடுத்த உடனே அறையைப் பூட்டிச்சினம். அறை பூட்டின பிறகு ரொய்லெற்றுக்கு ஆர் பொறுப்பு? இது தனித்தனியாக எடுத்த முடிவுகள் இல்லை. சம்பளத்தை வெட்டினதில் விழுந்த நிழல்தான் பூட்டின கதவு. இப்ப சாரதியே இல்லாத எஸ்-ரயில்களை 2030களில் ஓடவிடுற திட்டமும் இருக்கு. தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ரயிலுக்குள்ளயும் ஆள் இல்லை, ஸ்ரேசனிலயும் ஆள் இல்லை எண்டால், விழுந்த கிழவனைத் தூக்கிறது ஆர்?

ரிக்கற்றின்ர கதையும் இதுதான். முந்தி மஞ்சள் பெட்டிக்குள்ள விட்டு 'கிளிக்' பண்ணுற துண்டு. பிறகு 'ரைசகோர்ட்' பிளாஸ்ரிக் அட்டை. ஏறும்போது நீலத் தூணில் ஒருக்கா, இறங்கும்போது ஒருக்கா. அதைப் பழகவே எங்கட சனத்துக்கு வருசக்கணக்காச்சுது. பழகி முடிய அட்டைக்குப் பதிலாகச் செயலி வந்திட்டுது. திரையில் விரலால் இழுத்தால் பயணம் தொடங்கும். செயலி பாவிக்க முடியாதவைக்கும் ஒரு அட்டை இருக்கு, அது உண்மைதான். ஆனால் அப்படி ஒண்டு இருக்கு எண்டு அந்த வயதானவைக்கு ஆர் சொன்னது? 2014 நவம்பரில் அரசு கடிதங்களை எல்லாருக்கும் கட்டாய டிஜிற்றல் தபால் ஆக்கினதில் இருந்து, டென்மார்க்கில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு பிள்ளை சம்பளமில்லாத எழுதுவினைஞராக இருக்குது. இந்த அறையில் எத்தனை பேருக்கு அம்மா அப்பாவின்ர கடவுச்சொல் தெரியும்? கையைத் தூக்குங்கோ. ... பாருங்கோ. ஒராள்கூட மிச்சமில்லை.

இன்னொரு 'வசதி' இருக்கு. அதைச் சட்டமாகவே எழுதி வைச்சிருக்கினம். 2017இல் பிச்சை எடுக்கிறதுக்கான தண்டனையைக் கடுமையாக்கிச்சினம். நடைபாதை வீதிகள், கடைகள், பஸ், ரயில், ரயில் நிலையங்கள், இந்த இடங்களில் பிடிபட்டால் முதல் தடவையே 14 நாள் சிறை, ஒத்திவைப்பு இல்லை. முக்கியமாக ரோமா மக்களையும் வெளிநாட்டு வீடற்றவர்களையும் மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் எண்டது அந்த நேர விவாதங்களைக் கேட்டவைக்குத் தெரியும். ஒரே ஸ்ரேசனில் கதிரை, லிப்ற் எதுவும் கட்டாயம் இல்லாதது மாதிரித் தேய்ஞ்சு போகலாம். கையேந்தினவனுக்கு 14 நாள் மட்டும் கட்டாயம். எங்கட ஆக்களில் சிலர் அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டினவை. "நாங்கள் உழைச்சுச் சாப்பிடுறம், அவை அப்பிடி இல்லை" எண்டு. அதையும் இங்க சொல்லிவைக்கிறன்.

வீடமைப்பு பற்றிக் கதைக்கேல்லை எண்டு ஒருத்தரும் கோவிக்க வேண்டாம், அதுவும் இதுக்குள்ளதான் இருக்கு. 2018இல் வந்த 'கெற்றோ' சட்டம் 'மேற்கத்தேயர் அல்லாதவர்' பாதிக்கு மேல் இருக்கிற குடியிருப்புகளைப் பட்டியல் போட்டு, விற்கவும் இடிக்கவும் வழி செய்தது. நோர்ரெப்ரோ ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருக்கிற மியோல்னர்பார்க்கன் சனம் 2020இல் வழக்குப் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனது. அவை வழக்குப் போட்ட நேரம் அந்த அமைச்சின்ர பேர் என்ன தெரியுமோ? போக்குவரத்து, வீடமைப்பு அமைச்சு. ரெண்டும் ஒரே மேசை. வீட்டுக்காகப் போராடுறம், சரி. அந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டு ஊருக்குள்ள போற வாசல் ஸ்ரேசன். வாசல் அடைபட்டால் வீடும் சிறைதான். அப்பாவுக்கு அதுதான் நடந்தது.

சரி, கோவத்தை ஆரோட கொளுவுறது? இஸ்ஹோயையே எடுங்கோ. ரயிலை ஓட்டுறது டி.எஸ்.பி., அரசுக்குச் சொந்தமான கம்பனி. தண்டவாளமும் சிக்னலும் 'பானெடான்மார்க்', அது வேற அரச நிறுவனம். பஸ் 'மூவியா'. ரிக்கற் முறைக்கு இன்னொரு கம்பனி. வெளியில் வீதியும் சதுக்கமும் கொம்யூன். கடைத்தொகுதி தனியார். 2025 ஒக்ரோபரில் 'ரிங் 3' இலகு ரயிலின் முதல் பகுதி இஸ்ஹோயிலிருந்து ரோடோவ்ர வடக்கு வரை ஓடத் தொடங்கினது. அதுக்கும் தனி நிறுவனம். நூறு அடி நடக்கேக்க ஆறேழு சொந்தக்காரர்! ஒரு கதிரை உடைஞ்சால் அது ஆற்ற கதிரை? ஒருத்தருக்கு எழுதினால் மற்றவரைக் கைகாட்டுவினம். இது சதி இல்லை. 1990களில் இருந்து ரயிலைத் துண்டு துண்டாக வெட்டினதின் விளைவு. வெட்டினவைக்கு இதனால் ஒரு வசதி கிடைச்சது: பொறுப்புக் கேட்க ஒரு முகம் இல்லை.

அந்த இலகு ரயிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவேணும். விரல் திட்டத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒரு விரலில் இருந்து அடுத்த விரலுக்குப் போக உள்ளங்கைக்குள்ள போய் வரவேணும். அலுவலகத்தில் வேலை செய்யிறவன் உள்ளங்கைக்குப் போறவன், அவனுக்குப் பிரச்சினை இல்லை. விடிய அஞ்சு மணிக்கு குளொஸ்ட்ரூப் ஆஸ்பத்திரிக்குத் துடைக்கப் போறவளுக்கு விரலில் இருந்து விரலுக்குப் போகவேணும். முழுப்பாதையும் 28 கிலோமீற்றர், 29 நிலையம், லுண்டொஃப்ட வரைக்கும். எங்கட அம்மா மாதிரி ஆக்களுக்கு இது முப்பது வருசம் பிந்தி வந்த பாதை.

கேட்டால் கிடைக்கும் எண்டதுக்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கு. எஸ்-ரயிலில் சைக்கிள் ஏத்த முந்தி காசு. 2010இல் இலவசமாக்கிச்சினம். சைக்கிளோட வாற சனம் பெருகப் பெருக, ரயிலுக்குள்ள இருக்கைகளைக் கழட்டி இடம் ஒதுக்கிச்சினம். அப்ப இரும்பை வெட்டி மாத்தலாம், காசு தேடலாம், எல்லாம் ஏலும். சைக்கிள்காரரை நகரம் தன்ர ஆள் எண்டு நினைச்சது. அப்பாவின்ர மூத்திரப்பையை இன்னும் அப்பிடி நினைக்கேல்லை.

வெளியிலயும் பாருங்கோ. மும்பையில் 2011இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து மூத்திரம் போற உரிமைக்கெண்டே ஒரு இயக்கம் தொடங்கிச்சினம். பொது ரொய்லெற்றில் ஆண்களுக்குச் சும்மா, பெண்களிட்டக் காசு. அதைக் கணக்கெடுத்து, கையெழுத்து வாங்கி, மாநகராட்சியைத் துரத்தினவை. நியூயோர்க்கில் மாற்றுத்திறனாளிகள் லிப்ற்றுக்காக வருசக்கணக்காக வழக்காடி, 2022இல் ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தவை. 2055க்குள் சுரங்க ரயில் நிலையங்களில் நூற்றுக்கு தொண்ணூற்றஞ்சு படியில்லாமல் போகக்கூடியதாக இருக்கவேணும். 2055! சிரிப்பு வருது, ஆனால் எழுத்தில இருக்கு.

இந்த இடத்தில நாங்கள் எங்களிட்டயும் ஒரு கேள்வி கேட்கவேணும். ரொய்லெற் வேணும் எண்டு கேட்கிறம். ஆர் கழுவுறது? இந்தியாவில் ரயிலிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளினது தலித் தொழிலாளர்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் ரயில்வேக்கும் சேர்த்துத்தான் உத்தரவு போட்டது. யாழ்ப்பாணத்தில் அந்த வேலைக்கு எந்தச் சாதியைக் கூப்பிட்டம், எங்க நிற்க வைச்சுத் தண்ணி குடுத்தம் எண்டு எங்கட தாத்தா பாட்டிமாருக்குத் தெரியும். பிறகு டென்மார்க்குக்கு வந்து எல்லாச் சாதியும் ரொய்லெற் கழுவினது. ஊருக்குப் போன கடிதங்களில் "ஆஸ்பத்திரியில் வேலை" எண்டுதான் இருந்தது. அதாலதான் நான் சொல்லுறன், எங்கட கோரிக்கையில் பூட்டுத் திறக்கிறது மட்டும் இருக்கக் கூடாது. நிரந்தர வேலை, கூட்டு ஒப்பந்தச் சம்பளம், கையுறை, இரவு வேலைக்குத் துணைக்கு இன்னொராள், இதுகளும் சேர்ந்து வரவேணும். இல்லாட்டி எங்கட வசதிக்காக ஒரு துணை ஒப்பந்தக் கம்பனி, வந்து ஆறு மாதமான ஒரு பெடியனை மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு பிழியும்.

செய்யிறதுக்கு வருவம். டென்மார்க்கில் கொம்யூன் தேர்தல் நாலு வருசத்துக்கு ஒருக்கா நவம்பரில். குடியுரிமை இல்லாதவைக்கும், போதிய காலம் சட்டபூர்வமாக இருந்திருந்தால், அதில வாக்கு இருக்கு. எங்கட சனத்தில் கனபேருக்கு இது தெரியாது. தெரிஞ்சவையும் போடுறது குறைவு. ஸ்ரேசன் வாசல் கொம்யூனின்ர இடம். அங்க ஒரு ரொய்லெற் வைக்க வேற ஒருத்தரிட்டயும் கெஞ்சத் தேவையில்லை. அதில இருந்து தொடங்கலாம்.

வாற சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு இஸ்ஹோய் ஸ்ரேசனில சந்திப்பம். ரெண்டு ரெண்டு பேராகப் பிரிஞ்சு அந்த வழியில் இருக்கிற ஸ்ரேசன்களுக்குப் போறம். எத்தனை கதிரை, முதுகு சாய ஏலுமோ, லிப்ற் வேலை செய்யுதோ, ரொய்லெற் இருக்கோ, பூட்டோ திறப்போ, எத்தனை மணி வரைக்கும், உதவி கேட்கிற பொத்தானை அமத்தினால் ஆராவது கதைக்கினமோ, எந்த மொழியில். அங்க வேலை செய்யிற ஆக்களைக் கண்டால் அவையளோடயும் கதையுங்கோ. ஆனால் அவையைப் படம் எடுக்க வேண்டாம், வேலைக்குப் பிரச்சினை வரும்.

அப்பாட்டயும் சொன்னனான். "எத்தனை மணித்தியாலம்?" எண்டு கேட்டார். மூண்டு எண்டன். கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, அண்டைக்குக் குளிசையைப் பின்னேரம் போடலாமோ எண்டு டொக்டரிட்டக் கேட்கச் சொன்னார். திங்கட்கிழமை போன் எடுக்கிறன்.

கொப்பி, பேனை கொண்டு வாங்கோ. போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாங்கோ, ரிக்கற் அதுக்குள்ளதானே.